தேங்காயும் தொட்டிலும்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, என் மளிகைக் கடைக்கு ஓர் இளைஞர் பால்மாவு டின் வாங்க வந்தார். கைக்குழந்தை அவர் தோளில் உறங்கிக்கொண்டிருந்தது. கடை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இது எத்தனையாவது?" என்று கேட்டார்.

"இரண்டாவது, மாமா. இதோடு போதும் என்றிருக்கிறோம்" என்றார் இளைஞர்.

பெரியவருக்கு முகம் மாறிவிட்டது. "போதும் என்று சொல்ல நீ யார்? ரிஸ்க் கொடுப்பவன் நீயா?" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவர், "இந்த ஊர் விலைவாசிக்கு இரண்டே அதிகம்" என்றார். இளைஞர் ஒன்றும் பேசாமல் சில்லறையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. நான் ஆலிமும் அல்லன், டாக்டரும் அல்லன். மத்ரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் ஆறு வகுப்புப் படித்ததுமே என் கல்வி. எனினும் இருபது ஆண்டுக்கு மேலாகத் தேங்காயும் வாழைப்பழமும் பப்பாளியும் விற்று வருகிறேன். அவை யாவும் உயிர்கள் பெருகும் வழியில் உண்டானவையே அன்றோ? ஆகவே என் கடைச் சரக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் தேங்காயைப் பாருங்கள். நமக்கு அது குழம்புக்கும் சட்டினிக்கும் ஆன சரக்கு. தென்னைக்கு அது பிள்ளை. தென்னம்பிள்ளை என்று நம் முன்னோர் சொன்னது பொருத்தமான சொல். பூ காயாகி முற்றுவதற்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகிறது. உள்ளே இருக்கும் பருப்பும் நீரும் அந்தப் பிள்ளைக்குத் தாய்மரம் கட்டிக்கொடுத்த சோறு. முளை வேர் விட்டு, ஓலை விரித்து, தன் காலில் நிற்கும் வரை பல மாதங்கள் அந்தச் சோற்றையே உண்கிறது. இவ்வளவு செலவு செய்து பிள்ளை பெறும் மரம், ஒரு குலையில் எண்ணிவிடக்கூடிய அளவே காய்க்கிறது.

ஆர்க்கிட் செடியோ இதற்கு நேர்மாறு. அதன் ஒரே காய்க்குள் இலட்சக்கணக்கான விதைகள் தூசியைப் போல இருக்கும். ஆனால் எந்த விதைக்கும் கட்டுச்சோறு கிடையாது. காற்றில் பறந்து விழுந்த இடத்தில் தக்க பூஞ்சணம் வந்து ஊட்டினால் பிழைக்கும், இல்லையேல் மடியும். இலட்சத்தில் மிகச் சிலவே செடியாகின்றன.

வாழைக்கு வேறு வழி. நாம் உண்ணும் வாழைப்பழத்தில் முளைக்கும் விதை இல்லை. அடியில் கிளம்பும் கன்றே அதன் சந்ததி. கன்று தாயின் நகல். அதனால் தாயைக் கொல்லும் நோய் கன்றையும் கொல்லும். குரோ மிஷேல் என்னும் வாழை வகை ஒரு காலத்தில் உலகச் சந்தையை ஆண்டது. பனாமா நோய் என்ற வாடல் நோய் அந்தத் தோட்டங்களை அழித்ததால், 1950களிலும் 60களிலும் வியாபாரிகள் வேறு வகைக்கு மாற வேண்டியதாயிற்று. ஆணும் பெண்ணும் சேர்ந்து பெறும் பிள்ளை எவருக்கும் நகல் அன்று. ஆகவே ஒரே நோய் எல்லாரையும் ஒருசேர வீழ்த்துவது அரிது. டுரியான் பூ மாலையில் மலர்ந்து, இரவில் வௌவாலை அழைத்து மகரந்தத்தைச் சேர்த்துக்கொள்வதும், பப்பாளியில் காய்க்காத ஆண் மரமும் இருப்பதும் இந்த ஏற்பாட்டின் பகுதிகளே. அல்லாஹ் யாவற்றையும் இணைகளாகப் படைத்தான் என்று மத்ரஸாவில் ஓதினோம். கடையில் உட்கார்ந்த பிறகே அதன் பொருள் எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

விலங்குகளிலும் இதே இருவகை உண்டு. திரங்கானுக் கடற்கரையில் பச்சை ஆமை இரவில் ஏறி வந்து, குழி தோண்டி, நூறு முட்டையளவில் இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சின் முகத்தை அது பார்ப்பதே இல்லை. நண்டுக்கும் பறவைக்கும் மீனுக்கும் தப்பி வளர்ந்து பெரிதாகும் குஞ்சுகள் மிகக் குறைவு. போர்னியோக் காட்டில் வாழும் ஒராங் ஊத்தானோ ஒரு நேரத்தில் ஒரே குட்டிதான் ஈனும். அதற்குப் பல ஆண்டுகள் பால் கொடுத்து, எந்தப் பழம் எப்போது பழுக்கும், கூடு எப்படிக் கட்டுவது என்றெல்லாம் பழக்கி விடும். அடுத்த குட்டி பிறக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். எந்தச் சங்கமும் சொல்லாமல், எந்த மாத்திரையும் விழுங்காமல் அந்தத் தாய் இடைவெளி விடுகிறது.

தகப்பனும் விடுபடவில்லை. புலாவ் ஊபினில் 1994இல் மீண்டும் தென்பட்டு, இன்று நம் வீடமைப்புப் பேட்டைகளிலும் வந்து அமரும் இருவாட்சிப் பறவையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, ஒரு சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். அது அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் வாரங்கள் முழுதும் ஆண் பறவை அந்தப் பிளவின் வழியே உணவு ஊட்டும். ஆண் வரத் தவறினால் உள்ளே இருப்பவற்றின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இவற்றிலிருந்து ஒரு கணக்குப் புலப்படுகிறது. பிள்ளைக்குக் கொடுத்துவிடுவது எவ்வளவு அதிகமோ, பிள்ளைகளின் எண்ணிக்கை அவ்வளவு குறைவு. எனினும் விலங்கைப் பார்த்து அப்படியே நடந்துகொள் என்று நான் சொல்லவில்லை. குயில் தன் முட்டையைக் காக்கையின் கூட்டில் இட்டுவிட்டுப் போகிறது. அதன் மேல் குற்றமில்லை. மனிதன் அப்படிச் செய்தால் குற்றம். ஆமைக்கும் குயிலுக்கும் மறுமையில் கேள்வி கணக்கு இல்லை, நமக்கு உண்டு. அவற்றின் அளவு உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நமக்கோ பகுத்தறிவைக் கொடுத்து, யோசித்து நடக்கும் பொறுப்பும் தரப்பட்டிருக்கிறது.

மனிதக் குழந்தையைப் போலக் கையாலாகாமல் பிறக்கும் உயிர் குறைவு. கன்றுக்குட்டி பிறந்த அன்றே எழுந்து நிற்கிறது. நம் பிள்ளை நடக்கவே ஓர் ஆண்டு. குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பாலூட்டும் காலத்தை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று கூறுகிறது. ஒரு குழந்தை பிறந்தபின் மறு கருவுக்குக் குறைந்தது இருபத்துநான்கு மாதம் பொறுப்பது தாய்க்கும் சேய்க்கும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனமும் ஆலோசனை கூறுகிறது. தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில், மாதவிலக்குத் திரும்பாத வரையில், மறு கரு தரிப்பது மிக அரிது. ஆகவே இடைவெளி என்பது நேற்று வந்த புதுமை அன்று. தாயின் மார்பிலேயே வைக்கப்பட்டது.

"வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்று குர்ஆனில் இல்லையா?" என்று அன்று பெரியவர் கேட்டிருக்கலாம். இருக்கிறது. அது அறியாமைக் காலத்து மக்கள் உயிரோடு இருந்த பிள்ளைகளுக்குச் செய்த கொடுமையைத் தடுத்தது. கருத்தரிப்பதைத் தள்ளிப்போடுவது வேறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில், குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்தபோதே தாங்கள் அஸ்ல் செய்துவந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது இஹ்யாவில் இதை ஆராய்ந்து, மனைவியின் உயிர் நலம் கருதியும், பிள்ளைகள் பெருகி அதனால் வரும் சிரமத்தை அஞ்சியும் அவ்விதம் செய்வது விலக்கப்பட்டதன்று என்று விளக்கியிருக்கிறார்கள். சட்ட அறிஞர்களில் பலர் அதற்கு மனைவியின் சம்மதம் வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். தக்க காரணமின்றி நிரந்தரமாகக் கருவை அடைத்துவிடுவதை உலமாக்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நோன்பு மாதம் வருமுன் நான் சரக்குக் கணக்குப் பார்க்காமலா இருக்கிறேன்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் அல்லவா நம்முடையது?

இவ்வளவும் தெரிந்தவன்போல எழுதுகிறேன். நான் நடந்துகொண்ட விதத்தையும் எழுதாவிட்டால் இது பாதி உண்மையாகிவிடும்.

எங்கள் இரண்டாம் பிள்ளை அறுவை செய்து எடுத்த பிள்ளை. "இரண்டு ஆண்டாவது பொறுங்கள், இவருக்கு இரத்தம் குறைவு" என்று டாக்டர் சொன்னார். என் மனைவி வீட்டுக்கு வந்ததும், "கொஞ்ச நாள் தள்ளிப்போடுவோமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அன்று அந்தப் பெரியவர் சொன்ன அதே வார்த்தையைத்தான் நானும் சொன்னேன்: "ரிஸ்க் கொடுப்பவன் அல்லாஹ்." அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அவளுடைய மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பதினொரு மாதத்தில் மூன்றாவது பிறந்தது. பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்கவில்லை. நான்கு பை இரத்தம் ஏற்றினார்கள். அந்த இரவு மருத்துவமனை நடைவழியில் ஸஜ்தாவில் கிடந்து நான் அழுதது அல்லாஹ்வுக்குத் தெரியும். அவன் அவளைத் திருப்பித் தந்தான். அந்தப் பிள்ளை எங்கள் கண்ணின் மணி. அவன் பிறந்தது தவறென்று சொல்ல மாட்டேன். அவளைக் கேட்காமல் நான் முடிவு செய்தது தவறு.

இதற்கு மறுபக்கத்தையும் எங்கள் வீடே பார்த்திருக்கிறது. சிங்கப்பூரில் 1965இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 4.66 பிள்ளைகள் என்ற நிலை இருந்தது. 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. 1972இல் இரண்டோடு நிறுத்துங்கள் என்ற இயக்கம் தொடங்கியது. 1973 முதல் பிள்ளை கூடக்கூடப் பிரசவக் கட்டணம் கூடியது. இரண்டுக்குள் நிறுத்திக் கருத்தடை அறுவை செய்துகொண்டோரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர முன்னுரிமை தரப்பட்டது. சட்டம் எவரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கட்டணமும் பள்ளி இடமுமே ஏழை வீட்டில் பேசின.

நான் 1979இல் இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தேன். வாப்பா கணக்குப் பார்த்தார். "கையெழுத்துப் போடு" என்றார். உம்மா போட்டார்கள். இன்னொரு பிள்ளைக்கு அவர்கள் ஆசைப்பட்டார்களா என்று எவரும் ஆற அமரக் கேட்கவில்லை. அந்த முன்னுரிமையில் பள்ளி சேர்ந்த நானோ ஆறாம் வகுப்போடு நின்றேன்!

1987இல் கொள்கை மாறியது. வசதியுள்ளோர் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். அந்தச் செய்தியை வாப்பா படித்துக் காட்டியபோது உம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். "அப்போது வேண்டாம், இப்போது வேண்டும். என் வயிறு இனி யாரிடம் போய்க் கேட்கும்?" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்துகொண்டார்கள். எட்டு வயதுப் பையனான எனக்கு அன்று ஒன்றும் புரியவில்லை. உம்மா மவுத்தாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் குரல் மட்டும் இன்றும் கேட்கிறது.

பிறப்பு விகிதம் பிறகு சில ஆண்டுகள் சற்று ஏறினாலும், அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. 2001 முதல் குழந்தை போனஸ் கொடுத்தும், 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 என்று ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. நிறுத்தச் சொன்னால் நிறுத்தவும், பெறச் சொன்னால் பெறவும் மனிதர் குழாய் நீர் அல்லர் என்பதற்கு இது சான்று.

வாப்பா கேட்காமல் நிறுத்தினார். நான் கேட்காமல் தொடரச் செய்தேன். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இவை எதிரெதிரான செயல்கள். எனக்கோ இரண்டும் ஒரே தவறாகத் தெரிகின்றன. நான் மேலே சொன்ன அதே 233ஆம் வசனம், குழந்தையின் பாலை முன்னதாக நிறுத்துவதற்கே கணவன் மனைவி இருவரும் மனமொப்பிக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று சொல்கிறது. பால் மறக்கடிப்பதற்கே இருவர் ஆலோசனை வேண்டுமென்றால், ஓர் உயிரை உலகுக்கு அழைப்பதற்கு வேண்டாமா?

ஆகவே இளந்தம்பதியருக்கு நான் எண்ணிக்கை எதுவும் சொல்லப் போவதில்லை. ஒன்று போதும் என்போர் இருக்கலாம். ஐந்து வேண்டும் என்போர் இருக்கலாம். தாயின் உடம்பு தாங்குமா, மடியில் இருக்கும் பிள்ளைக்கு உரிய ஹக்கு நிறைவேறியதா, இருவர் மனமும் ஒத்திருக்கிறதா என்று உட்கார்ந்து பேசுங்கள். மாத்திரையா, கருத்தடை வளையமா, ஆணுறையா, எது உடம்புக்கு ஏற்றது என்று டாக்டரைக் கேளுங்கள். எது மார்க்கத்திற்கு ஏற்றது என்று ஆலிமைக் கேளுங்கள். மனைவி பேசாமல் இருந்தால், மறுபடியும் கேளுங்கள்.

கடை வாசலில் அமரும் நம்மைப் போன்ற மூத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. "எத்தனையாவது?", "இன்னும் இல்லையா?", "ஏன் நிறுத்திவிட்டாய்?" என்ற கேள்விகளை நாம் விட்டுவிடலாம். பிள்ளைக்காக ஆண்டுக்கணக்கில் துஆ செய்து காத்திருக்கும் தம்பதியர் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். அந்தக் கேள்வி அவர்கள் நெஞ்சில் எப்படித் தைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த இளைஞர் சென்ற வாரம் மறுபடியும் பால்மாவு வாங்க வந்தார். நாற்காலியில் அதே பெரியவர். நான் முந்திக்கொண்டு, "தம்பி, தாயும் பிள்ளையும் சுகமா?" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ், சுகம் மாமா" என்றார். பெரியவர் சற்று நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன் தலையைத் தடவி, ஓதி ஊதிவிட்டார்.

அல்லாஹ் நம் வீட்டுத் தாய்மாருக்கும் சேய்களுக்கும் நல்ல சுகத்தைத் தருவானாக, ஆமீன்.