நாடு நீங்கும் செல்வர்

நோர்வேயின் பெருஞ் செல்வர்களுள் ஒருவரான ஷெல் இங்கெ ரொக்கே, 2022 செப்டெம்பரில், தாம் சுவிற்சலாந்தின் லுகானோ நகரிற் குடியேறுவதாகப் பகிரங்கக் கடிதமொன்றில் அறிவித்தார். 2 கோடி குரோனருக்கு மேற்பட்ட நிகர செல்வத்தின் மீதான வரியை நோர்வே அரசாங்கம் நூற்றுக்கு 1.1 ஆக உயர்த்திய ஆண்டு அது. வேறு பல செல்வரும் அவ்வழியே சென்றனர். பொன் முட்டையிடும் வாத்தை அரசு துரத்திவிட்டதென்ற புலம்பல் வழக்கம்போல எழுந்தது.

தான் ஈட்டிய பொருளோடு விரும்பிய இடத்துக்குச் செல்ல ஒருவனுக்கு உரிமையில்லையா? இக்கேள்வியை நாம் எளிதில் ஒதுக்குதல் தகாது. ரொக்கே பரம்பரைச் செல்வரல்லர், உயர்கல்வி பெற்றவருமல்லர். இளமையில் அலாஸ்காக் கடலில் மீன்பிடித்து உயர்ந்தவர். அத்தகைய ஒருவர், தாம் யாருக்குக் கடன்பட்டவர் என வினவுதல் இயல்பே.

அதற்கான விடை வடகடலின் அடியிற் கிடக்கின்றது. ரொக்கேயின் குழுமம் பெரும்பங்கு கொண்டுள்ள துறைகளுள் எண்ணெயும் ஒன்று. 2005 முதல் 2022 வரை, இலாபமீட்டாத எண்ணெய்க் கம்பனிகளின் ஆய்வுச் செலவில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கினை நோர்வே அரசு காசாகவே திருப்பிக் கொடுத்தது. துளையிட்ட இடத்தில் எண்ணெய் இல்லையெனில் நட்டத்தின் பெரும்பகுதி பொதுமக்களுடையது. இலாபம் வந்தால் அதிலும் 78 பங்கு அரசுக்கே உரியதாதலின், இதனைத் தானமென்று நாம் கூறோம், கூட்டுத்தொழில் என்போம். துணிகரம் முதலாளியின் தனிச்சொத்து என்று பேசுவோர் இக்கணக்கை மறந்துவிடுகின்றனர்.

வறுமையால் நாடுவிட்டு நாடு செல்லும் தொழிலாளி, தன் உடலுழைப்பை எடுத்துச் சென்று, ஊருக்குப் பணம் அனுப்புகின்றான். செல்வர் பெயர்ச்சியோ இதற்கு நேர்மாறானது. கப்பல் கட்டுந் தளமும் எண்ணெய்க் கிணறும் அவற்றில் உழைக்கும் மக்களும் நோர்வேயிலேயே இருக்க, உடைமையாளரின் முகவரி மட்டும் பெயர்கின்றது. இரண்டையும் ஒரே சுதந்திரத்தின் பெயரால் அழைப்பது சொற்சிலம்பமன்றி வேறென்ன?

எனினும் எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையென நாம் சாதிக்கவில்லை. சிறு தொழிலொன்றின் உரிமையாளன், இலாபமில்லாத ஆண்டிலும் பங்குகளின் மதிப்புக்கு வரி செலுத்தவேண்டும். பணத்துக்காகத் தொழிலிலிருந்து பங்கிலாபம் எடுத்தால் அதற்கும் வரியுண்டு. வெளிநாட்டு உடைமையாளனுக்கோ இச்சுமை இல்லை. மதிப்பீட்டு முறையைத் திருத்துவதற்கு இவை தக்க காரணங்கள். வரியை ஒழிப்பதற்கு அல்ல. 2014இல் மரபுரிமை வரியை நீக்கிவிட்ட அந்நாட்டில், இதுவும் ஒழிந்தால் தந்தையின் பெருஞ்செல்வம் எவ்விதக் கணக்குமின்றி மகனைச் சேரும்.

செல்வர் புகுந்த சுவிற்சலாந்திலும் மாநிலங்கள் செல்வவரி விதிக்கின்றன என்பதைப் பலர் அறியார். ஆனால் தனிமனிதர் பங்குகளை விற்றுப் பெறும் மூலதன இலாபத்துக்கு அங்கு பொதுவாக வரியில்லை. ஈர்ப்பு எங்கிருந்தது என்பதை இது ஓரளவு விளக்கும்.

முன்பு வெளியேறி ஐந்தாண்டு கழிந்தால், நோர்வேயில் வளர்ந்த பங்குமதிப்புக்கான வரியும் மறைந்துவிடும். 2022இல் அவ்வழி அடைக்கப்பட்டது. 2024இல், பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அவ்வரியைத் தீர்க்கவேண்டுமென விதி இறுகியது. இதனைச் சிறைச்சுவர் என்றனர் சிலர். சிறைப்பட்டவர் எவருமிலர், கணக்குத்தான் கேட்கப்பட்டது. செல்வவரியே பெரும் விவாதப்பொருளாயிருந்த 2025 செப்டெம்பர்த் தேர்தலில், அதனைக் கைவிட மறுத்த தொழிற்கட்சியே மீண்டும் ஆட்சியிலமர்ந்தது.