வேலி தாண்டும் மணம்

வீட்டில் பூச்செடி வளர்ப்பது நல்ல வழக்கமா என்று கேட்டால், இல்லை என்பார் எவருமிலர். காலையில் எழுந்ததும் புதிதாய் மலர்ந்த ரோஜா ஒன்றைக் காணும் கண்ணுக்கு, அன்றைய வேலையின் சுமை சற்றுக் குறையவே செய்யும். ஆயினும் இவ்வெளிய செயலுக்குள் ஒரு பெரிய கேள்வி பொதிந்து கிடக்கிறது. நமது இன்பம் பிறர்க்குத் துன்பமாகுமிடத்து, அவ்வின்பத்துக்கு நாம் எவ்வளவு உரிமையுடையோம்?

ரோஜாவையே எடுத்துக்கொள்வோம். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள கேமரன் மலையின் குளிரில் அது தழைத்துப் பூக்கும். சிங்கப்பூரிலும் மலேசியச் சமவெளியிலும் வெப்பமும் மழையும் அதற்குச் சோதனையே. நாளொன்றுக்கு 6 மணி நேர வெயிலாவது அதற்கு வேண்டும். இலை நெடுநேரம் நனைந்திருந்தால் கரும்புள்ளி நோய் பற்றும். இலைகள் மஞ்சளாகி உதிரும். ஆகவே காலையில், வேரடியில் மட்டும் நீர் ஊற்ற வேண்டும். வெளிநோக்கிய கணுவுக்குச் சற்று மேலே கிளையை நறுக்கினால் செடியின் நடுவே காற்றோடும். காகிதப்பூவோ வேறு குணமுடையது. நீரைச் சற்றுக் குறைத்தால்தான் நிறையப் பூக்கும். ஒவ்வொன்றின் தேவையையும் அறிந்து கொடுப்பதே வளர்ப்பு. செடியின் தேவையை இவ்வளவு நுணுகி அறியும் நாம், அடுத்த வீட்டாரின் தேவையை அறியாதிருப்பது முறையாகுமா?

பூந்தொட்டியின் அடியில் வைக்கும் தட்டைப் பாருங்கள். அதில் தேங்கும் சிறிதளவு நீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் பக்கங்களில் அது முட்டையிடும். நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதம் உயிரோடிருக்கும். ஆதலால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. தட்டைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். இறுகிப்போன மண்ணைக் கிளறிவிடுவதும் அவசியம். 2020 ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோரை டெங்கிக் காய்ச்சல் பீடித்தது. தட்டு நம்முடையது, காய்ச்சலோ அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் வரலாம்.

“எங்கள் மல்லிகையின் மணத்தை அண்டை வீட்டார் காசின்றி நுகர்கிறார்களே! சிறு தொல்லையைப் பொறுக்கலாகாதா?” என்று சிலர் வாதிக்கலாம். இது சரியான கணக்கன்று. அண்டை வீட்டுக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தவர், அதைக் காட்டி அவ்வீட்டு அரிசியில் ஒரு படி அள்ளிக்கொள்ள முடியுமா? கேளாமல் கொடுத்த நன்மை, கேளாமல் செய்யும் தீமைக்கு ஈடாகாது.

அடுக்குமாடி வீடுகளின் பொதுத் தாழ்வாரத்துக்கும் இதுவே நியாயம். தொட்டிகளை அழகாக அடுக்கலாம். ஆனால் சிங்கப்பூரின் தீப்பாதுகாப்பு விதி குறைந்தது 1.2 மீட்டர் வழி விடச் சொல்கிறது. நெருப்பென்று ஓடுவோர்க்கும், தூக்குப்படுக்கையில் நோயாளியைச் சுமந்து வருவோர்க்கும் உரிய வழி அது. பூ எவ்வளவு அழகாயினும் அவ்வழியை மறிக்க அதற்கு உரிமையில்லை.

அப்படியானால், அண்டை வீட்டார் முகம் சுளித்தாலே செடியை எடுத்துவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. தீங்கு வேறு, பிடித்தமின்மை வேறு. கொசுவும், அடைபட்ட வழியும், காற்றில் பறக்கும் பூச்சிமருந்தும் தீங்குகள்; அவற்றை நீக்குவது நம் கடமை. சிவப்பு நிறம் பிடிக்கவில்லை என்பது தீங்காகாது. மணம் தாங்காமல் ஒருவர்க்கு மூச்சு முட்டுகிறதென்றால், அது அற்ப விருப்பு வெறுப்பன்று; தொட்டியைச் சற்று நகர்த்திவிட வேண்டும். இது எந்த வகை என்பதைச் சட்டப் புத்தகம் எப்போதும் சொல்லாது. வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசினால் தெரிந்துவிடும்.

அப்பேச்சுக்கு வேறொரு பயனும் உண்டு. நாம் ஊருக்குப் போகும் நாட்களில் செடிக்கு நீர் ஊற்ற யாரை நாடுவோம்? எதிர்வீட்டாரைத்தானே! ஆண்டு முழுதும் அவரைப் பொருட்படுத்தாதிருந்துவிட்டு, அன்று மட்டும் எந்த முகத்தோடு கேட்பது?

ஆகவே நாம் செடி வளர்ப்போம், மனமார வளர்ப்போம். தட்டை உலர வைப்போம், வழியை விடுவோம், கவாத்து செய்த நல்ல குச்சிகளில் ஒன்றை அடுத்த வீட்டுக்கும் நட்டுக் கொடுப்போம். மண்ணும் நீரும் நம்மிடம் உள்ள அமானிதமெனில், அண்டை வீட்டாரின் நலமும் அவ்வாறே அன்றோ!