கம்பிக்குக் கீழே ஒரு கணக்கு



நல்ல காரியம் செய்கிறவன், அதனால் விளையும் கேட்டுக்கும் கணக்குச் சொல்ல வேண்டுமா? பிள்ளையின் படிப்புக்காகத் தகப்பன் கடன் வாங்குகிறான். படிப்பு நல்லது. ஆனால் அந்தக் கடனை அவன் மனைவிக்கு மறைத்தால், நோக்கம் நல்லது என்பதற்காக மறைத்ததும் நல்லதாகிவிடுமா?

வீட்டில் எழும் இக்கேள்வி இன்று ராஜஸ்தானத்தின் பாலை நிலத்திலும் எழுந்திருக்கிறது. ஜெய்சல்மேர் பக்கம் காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் பெருகியிருக்கின்றன. நிலக்கரியை எரிக்காமல் மின்சாரம் கிடைப்பது நன்மையே. அதை மறுப்பார் இல்லை. ஆனால் அந்த மின்சாரத்தைக் கொண்டு செல்லும் கம்பிகள், கானமயில் என்னும் பறவை வாழும் வெளியின் குறுக்கே ஓடுகின்றன. ஆண் பறவை பதினைந்து கிலோ வரை எடையுள்ளது. கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால், நேர் எதிரே உள்ளது அதற்குச் சரியாகத் தெரியாது. கம்பியைக் காணும்போது, கனத்த உடலைத் திருப்ப நேரம் இருப்பதில்லை. ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை இடும் இப்பறவை, உலகம் முழுவதிலும் இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. ஆதலால் ஒன்று செத்தாலும் அது சிறிய இழப்பு அன்று.

எத்தனை பறவைகள் சாகின்றன என்பதை யார் சொல்வது? டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் அந்த வெயிலில் கம்பிக்குக் கீழே நடந்து தேடினார்கள். 80 கிலோமீட்டர் தூரத்தை ஓராண்டில் 7 தடவை பார்த்தார்கள். ஏறக்குறைய 40 வகையைச் சேர்ந்த 289 பறவைகள் செத்துக் கிடந்தன. அவற்றுள் கானமயிலும் இருந்தது.

அப்படியானால் செத்தவை 289 மட்டுந்தானா? இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. இரவில் விழுந்த பறவையை விடியுமுன் நாயோ நரியோ தூக்கிப் போய்விடும். மிஞ்சியதும் புதர் மறைவில் தேடுகிறவன் கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே இத்தொழிலில் ஒரு முறை உண்டு. செத்த பறவைகளைத் தாங்களே சில இடங்களில் வைத்து, எத்தனை நாளில் அவை மறைகின்றன என்று பார்ப்பார்கள். தேடுகிறவனுக்குத் தெரியாமல் பத்து வைத்து, அவன் எத்தனையைக் கண்டுபிடிக்கிறான் என்றும் பார்ப்பார்கள். ஐந்துதான் கண்டான் என்றால், அவன் கொண்டுவரும் எண்ணிக்கையை இரண்டால் பெருக்க வேண்டும். இப்படியெல்லாம் திருத்திக் கணக்கிட்டபோது, சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் கொண்ட அப்பகுதியில் ஆண்டுதோறும் 80,000-க்கும் மேற்பட்ட பறவைகள் கம்பியால் மடிகின்றன என்று மதிப்பிட்டார்கள்.

பிறருடைய குற்றத்தை எண்ணுமுன் தன் கண்ணின் குறையை அளந்து பார்க்கும் இந்த நேர்மையைச் சிந்தியுங்கள். நாமோ ஆத்தும சோதனை செய்யும்போது, "ஒன்றும் நினைவில்லை, சுவாமி" என்று எழுந்துவிடுகிறோம். காணவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்லவே!

பல நாடுகளில், காற்றாலை கட்டுகிறவரே இந்த எண்ணிக்கைக்கும் கூலி கொடுக்கிறார். சோதனை எங்கே வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்துத் தடவை போக வேண்டிய இடத்துக்கு இரண்டு தடவை போய், நாய் நரி தின்று தீர்த்த பிறகு பார்த்து, "ஒன்றும் கிடக்கவில்லை" என்று எழுதிவிடலாம். எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆயினும் அது பொய்ச்சாட்சியே.

"ஒரு பறவைக்காக நாம் இருட்டில் இருப்பதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இப்பறவை வாழும் பகுதிகளில் இயன்ற இடங்களில் கம்பியை நிலத்தடியே பதிக்கும்படி ஆணையிட்டது. அவ்வளவு பரந்த நிலத்தில் அது முடியாது என்று அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் தன் ஆணையை மாற்றி, ஆராய்வதற்கு அறிஞர் குழு ஒன்றை அமைத்தது. இரு பக்கமும் கனம் உண்டு என்பது இதனால் விளங்கும். ஆனால் தராசின் ஒரு தட்டில் நன்மையை முழுமையாக வைத்துவிட்டு, மறு தட்டில் இழப்பைக் குறைத்து வைத்தால், அது நிறுப்பதாகாது, ஏமாற்றுவதாகும்.

உண்மைக் கணக்கு நற்காரியத்துக்குப் பகையும் அன்று. நார்வே நாட்டின் ஸ்மோலா தீவில் 68 காற்றாலைகள் நின்றன. வெண்வால் கடற்கழுகுகள் அவற்றில் அடிபட்டு விழுந்தன. அங்குள்ளோர் பழக்கிய நாய்களைக் கொண்டு ஆண்டுக்கணக்காகத் தேடி எண்ணினார்கள். 2013-ல் நான்கு காற்றாலைகளில் மூன்று இறக்கைகளுள் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு வர்ணம் பூசிப் பார்த்தார்கள். பூசாத அண்டைக் காற்றாலைகளோடு ஒப்பிட்டபோது, பறவைச் சாவு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்திருந்தது என்று 2020-ல் வெளியிட்டார்கள். காற்றாலை நிற்கவில்லை, கழுகும் பிழைத்தது. முன்னமே எண்ணி வைத்திராவிட்டால், அந்த வர்ணம் பயன் தந்ததா என்பதை யார் அறிந்திருப்பார்?

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் கடையிலும் சங்கத்திலும் ஒரு நன்மையைச் செய்து முடித்து மகிழும் நாளில், சற்றுத் திரும்பிப் போய்க் கம்பிக்குக் கீழேயும் பாருங்கள். நம் நன்மைக்காக யாராவது நஷ்டப்பட்டிருந்தால், அவரைத் தேடிப் போய்க் கேளுங்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். செத்து விழுந்த பறவை குறை சொல்ல வருவதில்லை. தேடிப் போகிறவன்தான் அதைக் காண்பான்.