மதில் விழுந்த பிறகு

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துக்கு இரண்டு காரணங்களால் இடம் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை, 1745 மே 14 அன்று அந்த ஊரில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகியதும், மனிதர் யாவரும் சமம் என்று பேசியதும் மேல்தட்டினரின் பகையை அவர்மேல் திருப்பின. 1749இல் சிறைப்பட்டார், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இரண்டாவது காரணம் ஒரு மதில். தேவசகாயம் இறந்து நூறாண்டுக்கு மேல் ஆனபின், அதே ஊரின் ஆலயம் வெள்ளாளருக்கு ஒரு பக்கமும் நாடாருக்கு ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றது. இரு கிளைகளும் ஒரே பீடத்தில் வந்து கூடின. நடுவே சுவர் ஓடியது. 1910இல் திருச்சபை அந்த மதிலை இடித்தது. அதைத் திரும்ப எழுப்ப வேண்டும் என்று ஒரு தரப்பினர் வழக்காடினர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

மதிலுக்காக வழக்காடியவர்கள் விசுவாசத்தை விட்டவர்கள் அல்லர். ஞாயிறு தவறாமல் பூசை கண்டவர்கள், ஒரே விசுவாச அறிக்கையைச் சொன்னவர்கள், அந்த ஆலயத்தில் தனியாக மண்டியிடும் உரிமைக்காகவே நீதிமன்றப் படியேறியவர்கள். அவர்களைச் சீடர்கள் என்று சொல்லலாமா? மறைந்தவர்களுக்குத் தீர்ப்பெழுதுவது யாருக்கும் வேலையன்று. ஆனால் கேள்வி அவர்களோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் மணமக்கள் தேவைப் பக்கத்தில் ‘கிறிஸ்தவர்’ என்ற சொல்லை ஒட்டி இன்றும் சாதிப் பெயர் அச்சாகிறது. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. முழு மனதோடு பின்பற்றுவது என்றால் என்ன என்று கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்க் கிறிஸ்தவனுக்கு வேறில்லை.

இந்தக் கேள்வி திருச்சபையின் முதல் தலைமுறையிலேயே எழுந்தது. அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி மெல்ல விலகிக்கொண்டார். பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை. யாரையும் இழித்துப் பேசவில்லை. சாப்பிடும் இடத்தை மாற்றினார், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறு விலகலைப் பவுல் எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். அதை நற்செய்தியின் உண்மையையே தொடும் காரியமாக எடுத்துக்கொண்டார். விசுவாச அறிக்கை அப்படியே இருக்க, பந்தி மாறினால் விசுவாசமும் மாறிவிட்டது என்பதுதான் அந்தக் கண்டனத்தின் சாரம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் சில எளிதில் தள்ளக்கூடியவை அல்ல.

முதல் மறுப்பு: சாதி சமூகத்தைச் சேர்ந்தது, விசுவாசம் ஆன்மாவைச் சேர்ந்தது, இரண்டையும் குழப்பக் கூடாது. இதற்கு நீண்ட மரபு இருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் வெறும் சமூக அடையாளங்களே என்று வாதிட்டார். 1623இல் ரோமாபுரி அதற்கு இசைவு தந்தது. வேற்று நாட்டாரின் உடையையும் உணவையும் ஏற்றால்தான் கிறிஸ்தவன் ஆகலாம் என்ற நிலையை உடைக்க அந்த வாதம் பயன்பட்டது. அந்த அளவில் அது நியாயமே. ஆனால் குடுமி வைப்பது ஒருவர் தம் தலையில் செய்துகொள்ளும் காரியம். தீண்ட மறுப்பது அடுத்தவருக்குச் செய்யும் காரியம். முன்னதற்குச் சொன்ன நியாயம் பின்னதைக் காப்பாற்றாது.

இரண்டாம் மறுப்பு: மீட்பு அருளால் வருகிறது, செயலால் அன்று, குறையில்லாத மனிதர் யார்? உண்மைதான். செயலால் கடவுளிடம் கடன் தீர்க்க முடியாது என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படை. ஆனால் தவறி விழுவதும், விழுந்த இடத்தில் வீடு கட்டிக் குடியிருப்பதும் ஒன்றாகா. குறையுள்ளவன் மன்னிப்புக் கேட்கிறான். மதிலுக்கு வழக்காடுகிறவன் மன்னிப்புக் கேட்கவில்லை, அனுமதி கேட்கிறான். அருள் முன்னவனுக்குத் துணை. பின்னவன் அதைப் போர்வையாக்கிக்கொள்கிறான்.

மூன்றாவது, வாதமாக வெளியே வராமல் நடப்பில் தெரியும் மறுப்பு: தர்மம். ஆலயக் கோபுரத்துக்கு நன்கொடை, ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு, கிறிஸ்துமஸுக்குச் சேரியில் வேட்டி சேலை. இவை நல்லவை. பசித்தவனுக்குக் கொடுக்கிறவரின் உள்நோக்கம் பசியாறுவதைக் கெடுத்துவிடாது. என்றாலும் தர்மத்தில் கொடுக்கிற கை மேலே இருக்கிறது, வாங்குகிற கை கீழே இருக்கிறது. பந்தியில்தான் இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் இலைமேல் இருக்கின்றன. வேட்டி கொடுத்த வீட்டில் அதே மனிதருக்கு இலை விழாது என்றால், கொடுத்தது தன்னுடைய ஒரு பங்கை மட்டுமே. மனதின் எஞ்சிய பங்கு கொடுக்கப்படாமல் உள்ளே இருக்கிறது.

நான்காம் மறுப்புதான் வலுவானது. சீடத்துவத்தின் விலையைச் சீடன் மட்டும் கொடுப்பதில்லை. தந்தை சாதியை விட்டால் ஊர் விலக்கம் பிள்ளைகளுக்கும் வருகிறது. தங்கைக்கு வரன் அமைவது தடைபடுகிறது. சாதி மறுத்து மணந்ததற்காக உயிர் பறிக்கப்படும் மண்ணில் வீரம் பேசுவது எளிது. தன் சிலுவையைச் சுமக்கச் சொன்ன கட்டளை, அடுத்தவர் தோளில் அதை ஏற்றி வைக்கச் சொல்லவில்லை.

இந்த மறுப்பை மதித்தே விடை தேட வேண்டும். மகனையோ மகளையோ ஒரு கொள்கைக்குச் சான்றாக மணம் முடித்துவைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அவர்களே ஒருவரைத் தேர்ந்தபோது குறுக்கே நிற்பது தந்தையின் சொந்தச் செயல். அதன் பொறுப்பு அவருடையது. பிறரைப் பணயம் வைக்கும்படி சீடத்துவம் கேட்பதில்லை. தன் கையால் போட்ட தடையை எடுக்கும்படிதான் கேட்கிறது. விலையும் எல்லோருக்கும் ஒரே அளவன்று. கூலி வேலையை நம்பி வாழ்பவரின் தயக்கத்தையும், நிலமும் உத்தியோகமும் ஊரில் சொல்வாக்கும் உள்ளவரின் தயக்கத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மிகுதியாகப் பெற்றவரிடம் மிகுதியாகக் கேட்கப்படும் என்பது நற்செய்தியின் கணக்கு.

அந்தக் கணக்கில் ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவத்தைத் தழுவிய தலித் ஒருவர் பட்டியல் சாதியினருக்கான உரிமைகளை இழக்கிறார். பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சட்டத்தின் கண்ணில் சாதி போய்விட்டது. ஊரின் கண்ணில் போகவில்லை. பல இடங்களில் சபையின் கண்ணிலும் போகவில்லை. விசுவாசத்துக்காக உரிமையை இழந்த ஒருவர், அதே விசுவாசத்தைச் சொல்லும் மற்றொருவரின் வாசலில் நிறுத்தப்படுகிறார் என்றால், இருவரில் யார் பின்பற்றுகிறவர் என்பதற்கு இறையியல் நூல் புரட்ட வேண்டியதில்லை.

மேலிருந்து கட்டளைகள் வராமலில்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சாதியை விட்டொழிக்கச் சொல்லித் தென்னாட்டுச் சபைகளுக்குச் சுற்றறிக்கை எழுதினார். பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். 1910இல் வடக்கன்குளத்து மதில் விழுந்தது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மக்களுக்கான தன் கொள்கை ஆவணத்தில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆயரின் கட்டளை ஆலயத்து வாசல்வரை வரும். வீட்டுக்குள் எந்தக் குவளையில் யாருக்குத் தண்ணீர், சாவு வீட்டில் யார் பாடை தூக்குவது, வரன் பார்க்கும்போது முதலில் கேட்கும் கேள்வி எது என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர் அந்த வீட்டுக்காரர்தான்.

முழு மனம் என்பதை மாபெரும் தியாகம் என்று நினைத்துக்கொள்வதால், அது துறவிகளுக்கும் மறைசாட்சிகளுக்கும் உரியது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். தேவசகாயத்தைப்போல உயிரைக் கொடுக்கும் நிலை பெரும்பாலோருக்கு வருவதில்லை. அவர் துப்பாக்கி முன் நின்றது ஒரு நாள். எல்லோரோடும் கலந்து வாழ்ந்தது பல நாள். அந்தப் பல நாள் வாழ்க்கை யாருக்கும் கைக்கெட்டாதது இல்லை. இந்த ஒரு இடத்தில் மட்டும் வராதே என்று ஆண்டவருக்குச் சொல்லி வைத்திருக்கும் அந்த ஒரு இடத்தைத் திறந்துவிடுவதுதான் முழு மனம். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் அந்த இடம் எதுவென்று வீட்டாருக்கே தெரியும்.

2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். அந்த அறிவிப்பில் அவர் பெயரோடு ‘பிள்ளை’ என்ற சொல் இல்லை. திருச்சபை அதை நீக்கிவிட்டிருந்தது. திருமுழுக்கில் வாங்கிய பெயர் மட்டும் போதும் என்று ஒரு புனிதருக்கு முடிவானது, அவரைப் புனிதர் என்று வணங்குகிறவர்களின் கல்யாணப் பத்திரிகைக்கும் கல்லறைக் கல்லுக்கும் பொருந்த வேண்டும்.