அம்மாவின் கிழங்கு

அம்மா இறந்த பிறகு, குன்னூர் வீட்டில் அவள் வளர்த்த கிளாடியோலஸ் கிழங்குகளில் ஏழை அப்பா பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். பெங்களூர் பால்கனியில், தொட்டியில் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் நட்டேன். மூன்றாம் மாதம் வாள் மாதிரி இலைகளுக்கு நடுவே தண்டு வந்து, கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய்ப் பூத்தது.

இலை மஞ்சளானதும் தோண்டினால், நான் நட்ட கிழங்கைக் காணோம். வற்றிப்போன ஒரு வட்டு. அதன் தலைமேல் முழுசாக ஒரு புதுக் கிழங்கு. கிளாடியோலஸின் வழக்கமே அதுதான். பழையது தன் மாவுச்சத்தையெல்லாம் இலைக்கும் பூவுக்கும் கொடுத்துவிட்டுச் சுருங்கிவிடும். தண்டின் அடி பருத்து அடுத்த வருடக் கிழங்காகும். ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் சில வருடங்களில் மண்ணைவிட்டு வெளியே வந்துவிடாதா என்றால், அதற்கென்றே தடித்த வேர்கள் உண்டு. அவை சுருங்கிப் புதியதைக் கீழே இழுத்துக்கொள்ளும். காய்ந்த வட்டை ஒடித்து எறிந்துவிட வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. அம்மா தொட்டது அதுதானே.

அடுத்த வருடம் ஆபீஸில் ரிலீஸ் நெருக்கடி. தோண்டாமல் விட்டேன். மழையில் ஏழும் அழுகிவிட்டன.

"அம்மா கிழங்கு பூத்துச்சாப்பா?" என்று அப்பா போனில் கேட்டார். நர்சரியில் அதே இளஞ்சிவப்பு ரகம் வாங்கி நட்டு, பூத்ததும் போட்டோ அனுப்பினேன். "அப்படியே அவ பூ" என்றார்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு வக்கீல் குடியிருக்கிறான். அம்மா தொட்ட கிழங்கு முதல் வருடமே முடிந்தது, எதை இழந்தாய் என்கிறான். ரகங்களைக் கிழங்கிலிருந்துதான் பெருக்குகிறார்கள், ஆகவே ரகம் ஒன்றென்றால் மரபணுவில் எல்லாம் ஒரே செடிதான் என்கிறான். ஒரே ஃபைலின் இரண்டு காப்பி. தீசியஸின் கப்பலையும் இழுத்து வருகிறான்: பலகைகளையெல்லாம் மாற்றிய பிறகும் அதே கப்பல்தானா?

வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க நாளானது. அந்தக் கப்பலுக்குப் பலகை பலகையாக யாரோ மாற்றிக்கொண்டிருந்தார்கள். மூழ்கவிட்டுவிட்டு, பக்கத்துத் துறைமுகத்தில் இன்னொன்று வாங்கி வந்து கட்டவில்லை. அம்மா ஒவ்வொரு வருடமும் தோண்டி, நிழலில் உலர்த்தி, எடுத்து வைத்தாள். என் கைக்கு வந்தது அந்த வேலைதான். அதை ஒரு வருடம்கூட ஒழுங்காகச் செய்யவில்லை நான். அதைவிட, இவ்வளவு கச்சிதமான வாதத்தை அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்பதே போதுமான சாட்சி.

போன மாதம் பழைய தொட்டி மண்ணைக் கொட்டும்போது பட்டாணி அளவில் மூன்று குட்டிக் கிழங்குகள் கிடைத்தன. தாய்க்கிழங்கின் அடியில் வருபவை. கெட்டியாகத்தான் இருந்தன. தனியாக நட்டிருக்கிறேன். பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அப்பாவுக்கு 74 வயது.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன்.

"பூ இன்னும் இருக்கா?" என்றார்.

"இருக்குப்பா."