ஒலிவாங்கி கேளாத குரல்

பங்குத் திருவிழா மேடையாயினும், திருப்பாடுகளின் நாடகமாயினும், நிகழ்ச்சி தொடங்குவதற்கு அரைமணி நேரத்திற்கு முன்னரே ஒருவர் மேடையேறி, அங்கு நிற்கும் ஒலிவாங்கியை விரலால் இருமுறை தட்டுவார். பிறகு வாயால் ஊதுவார். அதன்பின் 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ' என்பார். நம் ஊர் விழாக்களின் முதல் மன்றாட்டு இதுவே என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இத்தனை தட்டலையும் ஊதலையும் பொறுத்துக்கொண்டு நிற்கும் அந்த எளிய கருவி நம் மனச்சான்றின் முன் ஒரு கேள்வியை வைக்கிறது. நம் செவிக்கு எட்டாத குரலுக்கு நாம் பொறுப்பாளிகளா?

கேள்விக்குப் போகுமுன் கருவியைச் சற்றே அறிந்துகொள்வது நல்லது. மேடையில் பாடுவோரும் பேசுவோரும் கையில் ஏந்தும் ஒலிவாங்கிகளில் மிகப் பல 'டைனமிக்' வகையைச் சேர்ந்தவை. மெல்லிய படலம் ஒன்று. அதன் பின்புறம் ஒட்டப்பட்ட நுண்ணிய கம்பிச் சுருள். சுருளைச் சூழ்ந்து காந்தம். குரல் பட்டுப் படலம் அதிர்கிறது. அதனோடு சுருளும் காந்தப்புலத்தினுள் அசைகிறது. அசைவினால் கம்பியில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தத்துவம் இது. வெளியிலிருந்து மின்சாரம் ஊட்டாமலே, மனிதக் குரலின் அசைவொன்றைக் கொண்டே இக்கருவி மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்கிறது. ஒலிபெருக்கியும் இதே அமைப்புத்தான். தலைகீழாக இயங்குகிறது, அவ்வளவே.

இவ்வகையில் உலகெங்கும் அறியப்பட்டது, 1925இல் சிகாகோ நகரில் தொடங்கப்பட்ட 'ஷூர்' நிறுவனம் 1966இல் வெளியிட்ட 'எஸ்.எம்.58' என்னும் ஒலிவாங்கி. பந்து போன்ற எஃகு வலைத் தலையும், ஏறத்தாழ 300 கிராம் எடையும் கொண்டது. அதன் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் 'ஸ்டூடியோ மைக்ரோஃபோன்' என்பதைக் குறிப்பவை. அமைதியான ஒலிப்பதிவுக் கூடத்தைக் கருதிப் பெயரிடப்பட்ட கருவிக்குப் புகழைத் தேடித் தந்ததோ இரைச்சல் மிகுந்த மேடை.

ஒலிவாங்கி வருவதற்கு முன்பு மேடையில் நிற்கத் தகுதி எது? நுரையீரலின் வலிமையே. எஸ். ஜி. கிட்டப்பா காலத்துத் தமிழ் நாடக மேடையில், உச்ச சுருதியில் பாடிக் கடைசி வரிசைவரை எட்டச் செய்யக்கூடியவரே பாடகர். மென்குரல் படைத்தவர், எவ்வளவு ஞானம் இருந்தும், வீட்டுத் திண்ணையோடு நிற்க வேண்டியதுதான். மறையுரையின் நிலையும் அதுவே. உரத்த குரல் வாய்க்காத அருட்பணியாளர் ஒருவருடைய ஆழ்ந்த சிந்தனை, முன்வரிசைத் தூண்களைத் தாண்டாமலே மடிந்திருக்கும். அவ்வகையில் ஒலிவாங்கி ஒரு நீதியைச் செய்தது. நோயுற்றவரும் முதியவரும் பாலர் வகுப்புச் சிறுமியும் ஆயிரம் பேர் கேட்க இறைவார்த்தையை வாசிக்க முடிகிறதென்றால், இதற்காக நாம் நன்றி கூறவே வேண்டும்.

1937இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த கனடா நாட்டு அறிஞர் மார்ஷல் மெக்லூகன், 1974இல் எழுதிய ஒரு கட்டுரையில், திருவழிபாட்டிலிருந்து இலத்தீன் மொழி விடைபெற்றதற்கு ஒலிவாங்கியே காரணம் என்று வாதிட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டை ஒரு கருவியின் விளைவாகச் சுருக்கிவிடுவது நமக்கு உடன்பாடன்று. ஆயினும், பீடத்தின்முன் முணுமுணுப்பாகச் சொல்லப்பட்டுவந்த சொற்கள் மக்கள் செவிக்குத் தெளிவாக எட்டத் தொடங்கியபின், அவை தமக்குப் புரியவேண்டும் என்று மக்கள் விரும்புவது இயல்பே.

இது கருவியின் ஒரு முகம். மறு முகம் அதன் செவியின் அமைப்பில் இருக்கிறது.

மேடை ஒலிவாங்கி எல்லாத் திசையிலிருந்தும் ஒன்றுபோல் கேட்பதில்லை. தன் முகத்திற்கு நேரே நிற்பவரை நன்றாகக் கேட்கும். பக்கங்களில் நிற்பவரைக் குறைவாகக் கேட்கும். முதுகுப்புறம் இருப்பவரை அறவே ஒதுக்கிவிட முயலும். இந்தக் கேட்கும் எல்லையைத் தாளில் வரைந்தால் இதய வடிவம் கிடைக்கும். இந்த ஒதுக்கலை அது சாதிக்கும் விதம் வியப்புக்குரியது. பின்புறத்தை அடைத்துவிட்டுச் செவிடாவதில்லை; பின்புறத்திலும் துளைகளைத் திறந்தே வைத்திருக்கிறது. பின்னாலிருந்து வரும் ஒலி துளைகளின் வழியே உள்ளே நுழைகிறது. உள்வழி அதைச் சற்றே தாமதப்படுத்துகிறது. அதற்குள் அதே ஒலி வெளியே சுற்றிக்கொண்டு முன்புறமும் வந்து சேர்கிறது. படலத்தின் இருபுறமும் ஒரே வேளையில் ஒரே அழுத்தம்; ஆகவே படலம் அசைவதில்லை. வந்த குரல் வந்த குரலாலேயே அழிக்கப்பட்டுவிடுகிறது! பாடகர் சிலர் அழகுக்காக வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதைப் பார்க்கிறோம். அப்போது பின்துளைகள் அடைபடுகின்றன. திசையறியும் ஆற்றல் குலைகிறது. ஒலிபெருக்கியின் குரலையே ஒலிவாங்கி மீண்டும் வாங்க, பந்தல் முழுவதும் ஊளைச் சத்தம் எழுகிறது.

தூரத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் ஒலியின் அழுத்தம் பாதியாகும். உதட்டுக்கும் வலைக்கும் இடையே 5 சென்டிமீட்டர் விட்டுப் பேசுபவரையும், 10 மீட்டர் தள்ளி அதே உரப்பில் பேசுபவரையும் ஒப்பிட்டால், பின்னவருடைய குரல் 200இல் ஒரு பங்காகவே வந்து சேரும். நெருங்கிப் பேசுபவருக்கோ இன்னொரு சலுகையும் உண்டு: வாய் வலையை நெருங்க நெருங்கக் குரலின் கீழ்ச்சுருதிகள் மிகுந்து ஒலிக்கும். மெலிந்த குரலும் கனத்துக் கம்பீரம் பெறும். அந்தக் கம்பீரம் தம் கருத்தினுடையது என்று நம்பிவிடுகிறவர்கள் நம்மிடையே குறைவா என்ன?

இவ்வளவையும் நாம் தேடிக் கற்றதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கின் ஆண்டுக் கூட்டத்தில் குறிப்பெழுதும் பணி நம்மிடம் தரப்பட்டிருந்தது. மேடையில் மூன்று ஒலிவாங்கிகள். கணக்கு வாசிக்கப்பட்டது, புதிய கொடிமரம் பற்றி நெடுநேரம் பேசப்பட்டது. இடையில் மண்டபத்தின் கடைசியில், கதவருகே, வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் எழுந்தார். ஞாயிறுதோறும் கோவில் வளாகத்தைப் பெருக்குகிறவர். "சாமி, ஒரு வார்த்தை" என்று தொடங்கினார். மேடையில் இருந்தவர் ஒருவர், "அம்மா, உட்காருங்கள், பிறகு பார்க்கலாம்" என்றார். அம்மா சிறிது நேரம் நின்றபடி ஏதோ சொல்லிவிட்டு அமர்ந்தார். நாம் தலை நிமிரவில்லை. கொடிமரத்தின் செலவுத் தொகையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். விட்டுப்போனதை ஒலிப்பதிவில் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்ற துணிவும் இருந்தது.

மறுவாரம் பதிவைக் கேட்டோம். மேடை ஒலிவாங்கிகளின் வழியே எடுக்கப்பட்ட பதிவு அது. கொடிமரப் பேச்சு துல்லியமாக இருக்கிறது. அதை அடுத்து, "அம்மா, உட்காருங்கள், பிறகு பார்க்கலாம்" என்ற குரல். பிறகு சிறிது நேர அமைதி. பிறகு மீண்டும் கொடிமரம். யாருமற்ற வெளியைப் பார்த்து ஒருவர் பேசியது போன்றிருந்தது. கருவியில் பழுதில்லை. எதற்காகச் செய்யப்பட்டதோ அதை அது பிசகின்றிச் செய்திருந்தது. நம் குறிப்பேட்டிலும் அந்த அம்மா இல்லை.

அவர் சொன்னதைப் பின்னர் விசாரித்து அறிந்தோம். முந்தைய மழைக்காலத்தில் அவருடைய கணவர் இறந்திருக்கிறார். கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. அது எதைப் பிரிக்கிறது என்பதைத் தமிழ்க் கத்தோலிக்க வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சுவருக்கு அப்பால் நிலம் தாழ்வு. தண்ணீர் நின்ற குழிக்குள் பெட்டியை இறக்கியிருக்கிறார்கள். மேட்டுப் பக்கத்தில் ஓர் இடம் கேட்கக்கூடாதா என்பதே அவருடைய கேள்வி.

இதில் குற்றம் யாருடையது? 'எம் செவியில் விழவில்லை' என்று சொல்வது பொய்யன்று. விழாத ஒன்றுக்கு மனிதன் எப்படிப் பொறுப்பாவான்? அறிந்தும் மனமொப்பியும் செய்வதே பாவம் என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோமே! எல்லாரும் ஒரே வேளையில் பேசினால் எவர் பேச்சும் கேளாது என்பதும் உண்மை. தேர்ந்து கேட்பது தீமையன்று. மக்கள் எல்லாரும் தம்மைத் தேடிக்கொண்டிருந்த வேளையில் நம் ஆண்டவரே விடியுமுன் தனிமையான இடத்திற்குச் சென்றார் என்று மாற்கு எழுதுகிறார். எல்லாத் திசைக்கும் ஒன்றுபோல் செவி கொடுக்கும் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிகளின் நடுவே வைத்தால் முடிவு ஊளைதான். ஒழுங்கு இல்லாமல் கூட்டம் நடத்த முடியாது. இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால், ஒலிவாங்கியை எந்த இடத்தில், எந்தத் திசை நோக்கி வைப்பது என்பதை ஒலிவாங்கியா முடிவு செய்கிறது? அதன் முதுகு எப்போதும் கடைசி வரிசையை நோக்கியே இருப்பது தற்செயலா? மேலும், கேளாதது ஒரு நிலை; கேளாததை நிகழாதது என்று எழுதிவைப்பது வேறொரு நிலை. முன்னது குறைபாடாக இருக்கலாம். பின்னது நம் செயல். 1970ஆம் ஆண்டுத் திருப்பலி நூலில், பாவ அறிக்கைச் செபம் சிந்தனை, சொல், செயல் ஆகியவற்றோடு, செய்யத் தவறியதையும் சேர்த்துக்கொண்டது. ஞாயிறுதோறும் மார்பில் தட்டி அதைச் சொல்லும் நாம், எந்தத் தவறுதலை நினைத்துச் சொல்கிறோம்?

ஒலிவாங்கி இல்லாத காலத்துக் கூட்டக் குறிப்பு ஒன்று திருச்சபையின் நினைவுப் பேழையில் இருக்கிறது. 426ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், இப்போ நகரில், முதுமை எய்திய புனித அகுஸ்தினார் தமக்குப்பின் எராக்ளியுஸ் என்னும் குருவே ஆயராக வேண்டும் என்று மக்களிடம் அறிவித்தார். சுருக்கெழுத்தர் அருகிருந்து எழுதினர். தாம் பேசுவது மட்டுமன்று, மக்கள் பேசுவதும் எழுதப்படுகிறது என்பதை ஆயரே அங்குச் சுட்டிக்காட்டுகிறார். அதன்படியே, மக்கள் எழுப்பிய முழக்கங்கள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை முறை என்பதெல்லாம் அக்குறிப்பில் உள்ளன; இறைவனுக்கு நன்றி கூறிய முதல் முழக்கம் 23 முறை! பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் மெழுகுப் பலகையும் எழுத்தாணியும் கொண்டு செய்ததை, நாம் மின்கருவிகளைச் சூழ வைத்துக்கொண்டு செய்யத் தவறினோம். அவர்கள் எழுதியவை மகிழ்ச்சி முழக்கங்கள். கசப்பான கேள்விகளையும் அவ்வாறே எழுதியிருப்பார்களா என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும். மக்களின் வாயும் திருச்சபையின் குறிப்பில் இடம் பெறவேண்டியது என்ற எண்ணம் அங்கே இருந்தது. நமக்கு அது போதும்.

எரிகோவின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பர்த்திமேயுவை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. திரளான கூட்டம், நடுவே ஆண்டவர், ஓரத்தில் ஒரு பிச்சைக்காரனின் கூக்குரல். பலர் அவனை அதட்டி அடக்கினர். அவன் இன்னும் உரக்கக் கத்தினான். ஆண்டவர் நின்றார். நாம் பலமுறை வாசித்தும் கவனிக்காத ஒன்று அடுத்து வருகிறது: ஆண்டவர் தாமே அவனிடம் செல்லவில்லை; அவனை அழைத்துவரும்படி கூட்டத்தினரிடம் சொல்கிறார். அடக்கிய வாய்களே அழைக்கும் வாய்களாக மாற வேண்டியதாயிற்று. குருடனுக்குப் பார்வை கிடைக்குமுன் கூட்டத்திற்குச் செவி கிடைத்துவிட்டது.

கேளாச் செவி போலவே கேட்கச் செய்யும் வன்முறையும் உண்டு. இங்கே அதை விரித்துரைக்க இடமில்லை. சென்னையின் குடியிருப்பு ஒன்றில் இயங்கிய ஒரு கிறித்தவ சபை தொடர்பான வழக்கில், 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கி வழியே வழிபட வேண்டுமென எந்தச் சமயமும் கூறவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை மட்டும் நினைவுபடுத்துகிறோம். அடுத்த தெருவில் தேர்வுக்குப் படிக்கும் மாணவனிடம் அனுமதி கேட்காமலே அவன் செவிக்குள் நுழைகிற நாம், நம் மண்டபத்தின் கடைசி வரிசையைக் கேளாமல் இருப்பது எவ்வளவு பெரிய முரண்!

நம் கதைக்குத் திரும்புவோம். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அந்த அம்மாவை முன்னால் அழைத்து ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். அழைத்தவர், முந்தைய ஆண்டு அவரை உட்காரச் சொன்னவரே. அம்மாவுக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. வலைத் தலையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டார்; ஒலிபெருக்கிகள் ஊளையிட்டன; சிறுவர்கள் சிரித்தார்கள். "கீழே பிடித்துக்கொண்டு, கிட்டப் பேசுங்கம்மா" என்று ஒலியமைப்பாளர் குரல் கொடுத்தார். அவர் ஒருகணம் அந்தக் கருவியைப் பார்த்தார். பிறகு அதை மேசையின்மேல் கிடத்திவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்குரலில் பேசத் தொடங்கினார். மின்விசிறிகளின் ஓசையில் அவர் சொல் அமிழ்ந்தது. யாரோ எழுந்து சென்று விசிறிகளை நிறுத்தினார்கள். மண்டபம் வியர்த்தபடி அமைதியாக இருந்தது.

அந்த ஆண்டின் ஒலிப்பதிவிலும் அவர் குரல் இல்லை. குறிப்பேட்டில் இரண்டரைப் பக்கம் இருக்கிறது. சுவர் பற்றிய முடிவு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது என்பது அதன் கடைசி வரி.