விட்டதும் ஒரு பெருமையா?

பிடித்த மீனைத் திரும்பக் கடலிலே விட்டுவிட்டால் அது இரக்கமா? ரொம்ப நாளாய் என்னைக் குத்துகிற கேள்வி இது.

2018 ஜூலையில் அலாஸ்காவிலுள்ள என் சகலையின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் என்னை ஹோமர் என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டுபோய், ஹாலிபட் பிடிக்கிற படகில் ஏற்றினார். ஹாலிபட் கடலடியில் படுத்துக்கிடக்கும் ராட்சதத் தட்டை மீன். குஞ்சாயிருக்கையில் மற்ற மீன்களைப்போல நிமிர்ந்து நீந்தும். வளர வளர இடது கண் நகர்ந்து வலது பக்கம் வந்துவிடும்.

ஈயத் தலை வைத்த தூண்டிலைக் கடலின் அடிமட்டம் வரை இறக்கி, தூக்கித் தூக்கி விடவேண்டும். இதை ஜிக் என்கிறார்கள். இரை துள்ளுகிறதென்று மீன் ஏமாந்து கவ்வும். காலையிலேயே எனக்கு எட்டு கிலோவில் ஒன்று கிடைத்தது. வீட்டுக்கு அது தாராளம். ஆனாலும் மறுபடி இறக்கினேன்.

இந்த முறை கம்பு வில்லாய் வளைந்தது. அரை மணி நேரம் போராடினேன். மேலே வந்தது ஐந்தடி நீள மீன். "ஐம்பது கிலோ இருக்கும். இவ்வளவு பெரியது அநேகமாய்ப் பெண்ணாகத்தான் இருக்கும். வைத்துக்கொள்கிறீர்களா, விடலாமா?" என்றார் படகோட்டி. ஹாலிபட் பெண் மீன் முட்டையிடும் பருவத்துக்கு வரவே சுமார் 12 வருஷம் ஆகும். அதற்குப்பின் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் முட்டையிடும். மிகப் பெரியவை 40 லட்சம் வரைக்கும் இடும்.

"விட்டுடுங்க" என்றேன். அவர் மீனைப் படகுக்குள் தூக்கவில்லை. தண்ணீரில் வைத்தே கொக்கியைக் கழற்றினார். வேறு சில மீன்களை ஆழத்திலிருந்து இழுத்தால் உள்ளேயிருக்கும் காற்றுப்பை ஊதி, திரும்பக் கீழே போக முடியாமல் தவிக்கும். ஹாலிபட்டுக்குக் காற்றுப்பை கிடையாது. வாலை ஒரு வீசு வீசி இருட்டுக்குள் போயிற்று.

என் நெஞ்சு நிரம்பிற்று. தாய்ப்பறவையைப் போகவிட்டு குஞ்சுகளை மாத்திரம் எடுத்துக்கொள்ளச் சொல்லும் உபாகமம் 22-ம் அதிகாரத்துப் பிரமாணம் ஞாபகம் வந்தது. அதை நிறைவேற்றிவிட்டேன் என்ற திருப்தியோடு, திரும்பவும் தூண்டிலை இறக்கினேன்.

சகலை மெதுவாய்க் கேட்டார்: "அண்ணே, வேணுங்கறதுதான் கெடைச்சாச்சே, இன்னும் எதுக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை.

அந்த அரை மணி நேரம் அந்த மீன் உயிருக்குப் போராடியது என் பசிக்காக அல்ல, என் குஷிக்காக. பிரமாணம் சாப்பாட்டுக்கு எடுப்பவனுக்கு ஓர் எல்லை வைக்கிறது. தாயைப் பிடித்து விளையாடிவிட்டு விடு என்று சொல்லவில்லையே! சாப்பாட்டுக்குத் தூண்டில் போடுகிறவனுக்குத் தாய்மீன் சிக்கினால், அதைக் கவனமாய் விடுவது நிச்சயம் நல்ல காரியம். அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் போதும் என்றான பிறகு, விடுவதற்காகவே பிடித்தால் அதை என்னவென்று சொல்ல? இரக்கம் கொக்கியைக் கழற்றும்போது ஆரம்பிக்கிறதில்லை. கயிற்றைச் சுற்றிவைக்கும்போது ஆரம்பிக்கிறது.

இந்தச் சம்பவத்தை நான் இரண்டு தரம் சபையிலே சொல்லியிருக்கிறேன். மறுபடி தூண்டில் இறக்கினதை மட்டும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

நாம் தாராளமாய் விட்டுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்கிற காரியங்களில், தொடாமலே இருந்திருக்க வேண்டியவை எத்தனை? நிதானித்துப் பார்ப்போமா?